அவுட்டர் சிக்னல்ஸின் இரண்டாவது சரணம்

குரு என்றால் தாடி வேண்டும், சீடன் என்றால் மீசை முளைக்காதவனாக இருக்க வேண்டும் என்று எவன் சொன்னானோ, அவன் போத்தனூருக்கு வந்ததில்லை. எங்கள் ஊரில் குருவுக்கு வயது முப்பத்து நாலு. பெயர் நஸ்ரீன். சீடருக்கு ஐம்பத்தெட்டு. பெயர் மருதாசலம்.

நஸ்ரீனுடையது மைக் செட் குடும்பம். அப்பா காலத்தில் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஸ்பீக்கர் குழாய் கட்டினார்கள். மகள் டயர் கடை மாடியில் ஓர் அறை எடுத்துப் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கிறார். சனிக்கிழமை காலையில், கேட்டு வருகிறவர்களுக்குத் தொழிலும் சொல்லித்தருகிறார்.

மருதாசலம் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. அறுபதுகளில் வந்த ராக் பாட்டுகளை எடுத்து, கம்ப்யூட்டரில் குரல் தனி, கிட்டார் தனி, டிரம்ஸ் தனி என்று பிரிப்பார். மங்கிக் கிடப்பதைத் தூக்கி, இரைச்சலைத் துடைத்து, ரீமிக்ஸ் செய்து இணையத்தில் போடுவார். அதைக் கேட்பதற்கென்றே உலகம் முழுக்க ஒரு நானூறு பேர் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இவர் பெரிய ஆள். வீட்டில் சம்சாரம் மூன்று தடவை கூப்பிட்டாலும் இவர் காதில் விழாது. பாட்டில் ஒரு தட்டு பிசகினால் மட்டும் விழுந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"டீச்சர், கண்டுபிடிச்சுட்டேனுங்க!"

"முதல்ல உக்காருங்கண்ணா. தண்ணி குடிங்க."

தண்ணீரைக் குடித்தும் குடிக்காமலும் ஆரம்பித்தார். விஷயம் இதுதான்.

அறுபத்தேழாம் வருஷம் போத்தனூர் ரயில்வே காலனியில் நாலு பேர் சேர்ந்து 'அவுட்டர் சிக்னல்ஸ்' என்று ஒரு ராக் கோஷ்டி வைத்திருந்தார்கள். மெட்ராஸ் போய் ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார்கள். அந்தப் பாட்டில் ஒரு மர்மம். முதல் சரணம் முடியும்வரை பேஸ் கிட்டார் தும் தும் என்று நெஞ்சில் வந்து இடிக்கும். இரண்டாவது சரணம் தொடங்கிய கையோடு காணாமல் போய்விடும். கடைசிவரை திரும்பாது. ஏன் என்று அந்த நானூறு பேரும் வருஷக்கணக்காக அடித்துக்கொள்கிறார்கள். கம்பி அறுந்துவிட்டது என்பார் ஒருவர். பாடகனுக்குப் பொறாமை என்பார் இன்னொருவர்.

பேஸ் வாசித்தவர் டெரிக் ரொசாரியோ. இப்போது எண்பத்திரண்டு வயது. நாலு பேரில் ஊரில் மிச்சம் இருப்பவர் அவர் மட்டும்தான். "ரெக்கார்டிங் ரூம்ல இருந்தவன் என்னை உயிரோட புதைச்சுட்டான் மேன்" என்று ஐம்பத்தெட்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் கிட்டாரைத் தொடவே இல்லை. ஒரு காது போய்விட்டது. அடுத்த காதும் இந்த வருஷம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் மருதாசலத்தைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தார்: "காது இருக்கறப்பவே என்னை ஒரு தடவை நான் கேக்கணும் மேன்."

"பேஸ் எங்கேயும் போகலீங்க டீச்சர். மத்த மூணு பேரோட மைக்குல கசிஞ்சு உள்ளேயேதான் கெடக்குது. தனியா பிரிச்சுத் தூக்கிட்டேன்."

"நல்லதாப் போச்சு. அப்புறம் என்னங்கண்ணா?"

மருதாசலத்தின் குரல் இறங்கியது.

"தப்பா வாசிச்சிருக்காருங்க. மூணு பேரும் சரணத்துல நிக்கறாங்க. இவரு மட்டும் பல்லவிக்குப் போயிட்டாரு. பன்னண்டு செகண்ட். அப்புறம் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்துக்கறாரு. மிக்ஸர்ல உக்காந்திருந்தவரு அந்த இடத்துல சத்தத்தை இறக்கிட்டாருங்க. மறுபடி ஏத்தறதுக்குப் பயந்துட்டாரு போல."

நஸ்ரீன் தண்ணீர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். மருதாசலமே தொடர்ந்தார்.

"இதை அப்படியே போட்டா நானூறு பேரும் என்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுவாங்க. ஆனா அந்த மனுசன் ஒடஞ்சு போயிருவாரு. முதல் சரணத்துல வாசிச்சதை வெட்டி ரெண்டாவதுல ஒட்டிட்டா அவருக்குச் சந்தோசம். ஆனா அது பொய்யி. நான் எதைங்க பண்றது?"

"எனக்குத் தெரியலைங்கண்ணா."

"டீச்சரே தெரியலைன்னா எப்படிங்க?"

"நான் டெரிக் அங்கிள் இல்லைங்களே."

இதற்கா மாடி ஏறி வந்தோம் என்று முனகிக்கொண்டே மருதாசலம் இறங்கிப் போனார். போகட்டும் விடுங்கள், அவர் நல்ல மனுஷன். சும்மா இருக்க அவரால் முடியவில்லை. கிழவர் மனசு நோகக் கூடாது என்று முடிவு கட்டினார். வெட்டினார், ஒட்டினார், ஒட்டிய இடம் தெரியாமல் இழைத்தார். எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து டெரிக் வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போனார். மருதாசலத்தின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு.

டெரிக் ஹெட்போனை நல்ல காதில் வைத்து அழுத்திக்கொண்டார். பாட்டு ஓடியது. முதல் சரணத்தில் அவருடைய இடது கை விரல்கள் தொடைமேல் தானாக நகர ஆரம்பித்தன. கண் கலங்கிவிட்டது. மருதாசலத்துக்கும்தான்.

இரண்டாவது சரணம் வந்தது. விரல்கள் நின்றுவிட்டன. டெரிக் ஹெட்போனைக் கழற்றினார்.

"யாரு மேன் இது?"

"நீங்கதான் அங்கிள்."

"நான் இல்லை. இங்க நான் தப்பு பண்ணினேன்."



"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"வாசிச்சவனுக்குத் தெரியாதா மேன்? மூணு தடவை வாசிச்சோம், மூணு தடவையும் அங்க போய் விழுந்தேன். அடுத்த கோஷ்டி வாசல்ல நிக்குது. மிக்ஸர்ல அனந்துன்னு ஒரு ஆளு. கடைசி டேக் முடிஞ்சதும் 'ஓகே'ன்னான். ரெக்கார்டு வந்துச்சு. கேட்டா நான் இல்லை. பசங்க எல்லாரும் என் முகத்தைப் பார்த்தானுங்க. அவனுங்க கேக்கறதுக்கு முன்னாடி நான் கத்திட்டேன். அனந்து என்னைப் புதைச்சுட்டான்னு."

ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"கத்தினதோட விட்டேனா? ரயில் ஏறி மெட்ராஸ் போய், பத்து பேரு பார்க்க அவனைத் திட்டினேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'மன்னிச்சுக்கோங்க, என் தப்புதான்'னான். என்கிட்ட மேன்! அவன் என்கிட்ட மன்னிப்பு கேட்டான். அதுக்கு மேல நான் எந்த மூஞ்சியோட கிட்டாரைத் தூக்கறது?"

மருதாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னோடது இருக்கா? நான் வாசிச்சது?"

"இருக்குதுங்க அங்கிள்."

"போடு. அதைக் கேக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

மருதாசலம் போட்டார். டெரிக் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பன்னிரண்டு செகண்ட் வந்தது, போனது.

"இன்னொரு தடவை."

போட்டார்.

"இன்னொரு தடவை போடு மேன்."

மூன்றாவது தடவை டெரிக் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா? பாட்டையே நாசம் பண்ணிட்டேன்னு நினைச்சேனே மேன். சின்னதா ஒரு தடுமாற்றம், அவ்வளவுதான். வந்து சேர்ந்துட்டேன் பாரு."

பிறகு அழுதார். மருதாசலத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதையே நெட்ல போடு," என்றார் டெரிக், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அப்படியே போடு. நான்தான் தப்பு பண்ணினேன்னு எழுது. அனந்து பேரையும் எழுது. ரெக்கார்டு கவர்ல அவன் பேரு இல்லை."

அடுத்த சனிக்கிழமை மருதாசலம் நடந்ததை ஒன்று விடாமல் நஸ்ரீனிடம் சொன்னார். பாட்டைப் போட்டாயிற்று, நானூறு பேரும் கொண்டாடுகிறார்கள். ஆனாலும் மனுஷன் முகத்தில் களை இல்லை.

"ஒண்ணு கேக்கறேனுங்க டீச்சர். அனந்து மறைச்சாரு. நான் திருத்தினேன். ரெண்டு பேருமே அவரு மனசு நோகக் கூடாதுன்னுதான் பண்ணினோம். அனந்துவை நெனச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணுது. என்னை நெனச்சா மட்டும் ஏனுங்க உறுத்துது?"

நஸ்ரீன் எழுந்தார். பிரித்து வைத்த பாட்டை மிக்ஸரில் ஏற்றினார். பேஸ் கிட்டாரின் சத்தத்தை ஏற்றி இறக்குகிற குமிழின்மேல் மருதாசலத்தின் விரலை வைத்தார்.

"பாட்டு ஓடட்டும். கை இதுமேலயே இருக்கட்டுங்கண்ணா."

"நான் என்னங்க பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

பாட்டு ஓடியது. பெரிய ஸ்பீக்கர், அறை அதிர்ந்தது. இரண்டாவது சரணத்தில் டெரிக் தடம் மாறிய அந்த நொடி, பச்சையாக, ஊருக்கே கேட்கிற மாதிரி வந்து விழுந்தது. மருதாசலத்தின் விரல் சடக்கென்று குமிழைக் கீழே இழுத்துவிட்டது.

நஸ்ரீன் பாட்டை நிறுத்தினார்.

"ஏங்கண்ணா இறக்கினீங்க?"

"தெரியலீங்க. கை தானா போயிருச்சு. ஐயோ, மனுசன் மாட்டிக்கிட்டாரேன்னு..."

"யோசிச்சுத்தான் இறக்கினீங்களா?"

"யோசிக்க எங்கீங்க நேரம்? அதுக்குள்ள தப்பு எல்லாருக்கும் கேட்ருமுங்களே."

"நீங்க வெட்டி ஒட்டினதுக்கு எத்தனை நாளு ஆச்சு?"

"எட்டு நாளுங்க."

"அந்த எட்டு நாளும் டெரிக் அங்கிள் வீடு எவ்வளவு தூரத்துல இருந்துச்சுங்கண்ணா?"

"ரெண்டே தெருவுங்க. போய் ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேனுங்க டீச்சர்."