சொல் இல்லாத நாற்பத்தொரு நிமிடம்

நாச்சியப்பன் முப்பது வருஷம் சினிமாவுக்குப் பாட்டெழுதியவர். ஐம்பத்தாறாவது வயதில் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியைக் கற்றுக்கொள்ள ஆசை வந்து, கோத்தகிரியில் ஜெசிந்தாவிடம் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு அவர் மகள் வயது. ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

ஜெசிந்தா ஏழு வருஷம் பாடுபட்டு ஒரு ஆல்பத்தை முடித்திருந்தாள். சிந்தசைசரும் கிதாரும் மட்டும். பாடகர் இல்லை, வரி இல்லை. பூமியை விட்டுக் கிளம்பிய ஒரு விண்கலம், திரும்பி வராமல் போய்க்கொண்டே இருக்கிறது; இசை சொல்லும் கதை அவ்வளவுதான். மொத்தம் நாற்பத்தொரு நிமிடம்.

வெளியிடுவதாகச் சொன்ன கம்பெனி கடைசி நேரத்தில் கையை விரித்தது. "யாராவது பாடணும். இல்லேன்னா வேண்டாம்."

நாச்சியப்பனுக்கு மனசு கேட்கவில்லை.

"நான் எழுதித் தர்றேன் டீச்சர். உங்க உழைப்பு வீணாப் போகக் கூடாது."

"எழுதுங்க ஐயா. முதல்ல கேட்டுடுங்க."

பிற்பகல் வெயில் ஜன்னல் வழியே விழுந்துகொண்டிருந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நோட்டோடு உட்கார்ந்தார். ஜெசிந்தா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் ஒரு முனகல். பக்கத்து வீட்டு மோட்டார் என்றே நினைத்தார். அது மெல்லத் தடித்து, தரை வழியாக அவர் பாதத்துக்குள் ஏறியது. அதன்மேல் இன்னொரு ஒலி, அதற்கும் மேல் இன்னொன்று. "விண்ணே, விண்ணே" என்று மளமளவென நாலு வரி எழுதிவிட்டார்.

ஒன்பதாவது நிமிடத்தில் கிதார் வந்தது. ஒரே ஒரு ஸ்வரம். அது வளைந்து, நீண்டு, போய்க்கொண்டே இருந்தது. அதன் எதிரொலி திரும்பி வந்தது. மறுபடியும், இன்னும் தொலைவிலிருந்து. அதற்குப் பிறகு வரவில்லை.

பேனா நின்றுவிட்டது.

ஊர் போயிற்று, மலை போயிற்று. பூமி ஒரு கடுகாகி, அதுவும் கண்ணுக்குத் தப்பிப் போயிற்று. அவ்வளவு பெரிய வெறுமைக்கு நடுவே அந்த ஸ்வரம் மட்டும் சுடர் மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றது. நாச்சியப்பன் குலுங்கிக் குலுங்கி அழுதார். கடைசி ஒலி அடங்கிய பிறகும் அழுகை அடங்க வெகுநேரமாயிற்று.

"என்ன ஆச்சு ஐயா?"

"நான் இருந்த இடமே தெரியல டீச்சர். ஆனா பயமா இல்ல. அம்மா போன அன்னைக்குக்கூட நான் அழலையே!"

அந்த நாலு வரி இருந்த பக்கத்தைக் கிழித்து, "இவ்வளவுதான் எழுத முடிஞ்சுது" என்று அவளிடம் நீட்டினார். அவள் அதைப் படிக்கக்கூட இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"இதுக்கு வரி கிடையாதுங்க. அப்படியே போடறதுன்னா போடுங்க."

மறுமுனையில் ஏதோ சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டார்கள்.

நாச்சியப்பன் பதறி எழுந்தார்.

"அவசரப்பட்டுட்டீங்களே டீச்சர்! முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் இதைக் கேக்கறான்னு வைங்க. அவ்வளவு தூரம் போயித் தனியாத் தவிச்சுற மாட்டானா? துணைக்கு ஒரு வார்த்தையாவது வேண்டாமா?"

ஜெசிந்தா அவர் முகத்தையே பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் அழுதீங்களே ஐயா. பக்கத்துலதான் இருந்தேன். நான் ஏதாவது சொன்னேனா?"