கிட்டங்கி எலிக்குத் தக்க துப்பாக்கி

கூமாங்குளத்து ஆட்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான்.

ஒரு வருஷம், ஊர் முழுக்கச் சேர்த்து வைத்த விதைக்கடலை கிட்டங்கியில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. மழை விழுந்ததும் விதைக்க வேண்டும். அதற்குள் ஒரு எலி உள்ளே புகுந்து, ஒரு மூட்டை விடாமல் ருசி பார்க்க ஆரம்பித்துவிட்டது.

கிட்டங்கிக்குப் பொறுப்பு வெள்ளையம்மா. காவலுக்கு இருந்தவர்கள் மாசானம், பூலையா, கொம்பையா.

“விதை போச்சுன்னா ஊரே தரிசாக் கிடக்கும். டவுனுக்குப் போயி எலி சுடுத ஏர்கன் ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்று மூவரையும் அனுப்பினாள் வெள்ளையம்மா.

கடைக்காரர் பொறுமையான மனுஷன். “சின்னக் குண்டுக்கு ஒரு துப்பாக்கி, பெரிய குண்டுக்கு வேற துப்பாக்கி. சுண்டெலியா, பெருச்சாளியா? அளவு தெரியாம வாங்கக் கூடாது” என்றார்.

அளவு தெரியாது. மூவரும் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். பொறி வைத்தார்கள். மறுநாளே எலி மாட்டியது. தையல்காரரிடம் டேப் இரவல் வாங்கி, மூக்கிலிருந்து வால் நுனி வரைக்கும் அளந்தார்கள். இடுப்பளவு எடுக்கும்போது அது கொம்பையாவின் விரலைக் கடித்தது. கொம்பையா கோபப்படவில்லை. அளவெடுத்து முடித்ததும் எலியைப் பத்திரமாகக் கிட்டங்கிக்குள் விட்டுவிட்டு, திரும்பவும் பஸ் ஏறினார்கள்.

கடைக்காரர் அளவைக் கேட்டுவிட்டு, “இவ்வளவு துல்லியமா எப்படி எடுத்தீங்க?” என்றார்.

“பிடிச்சுத்தான் எடுத்தோம், அண்ணாச்சி.”

“பிறகு எலி எங்கே?”

“விட்டுட்டோம். அது இல்லாட்டி எதைச் சுட?” என்றான் மாசானம்.

கடைக்காரர் சின்னக் குண்டுத் துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்தார். “சுடுததுக்கு முன்னால பம்ப் அடிச்சுக் காத்து ஏத்தணும். வெளியே தூரத்துல இருந்தா எட்டு தடவை. அறைக்குள்ள கிட்டத்துல இருந்தா ரெண்டு மூணு போதும், இல்லாட்டி சுவரு ஓட்டையாயிரும். தூரம் குறையக் குறைய காத்தையும் குறைச்சுக்கிடுங்க. பின்னால என்ன இருக்குன்னு பாக்காம மட்டும் சுட்டுராதீங்க” என்றார்.

அன்று சாயங்காலமே எலி மூட்டைமேல் வந்து உட்கார்ந்தது. மாசானம் குறி பார்த்தான். கடைக்காரர் சொன்னது ஞாபகம் வர, திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். பின்னால் கதவு இருந்தது. “கதவு இருக்கு” என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பினான். எலி இல்லை.

இப்படியே நாலைந்து தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் பின்னால் கதவுதான் இருந்தது.

கடைசியில் எலிக்கே பயம் விட்டுப்போய், கொம்பையாவின் காலடியில் வந்து உட்கார்ந்து கடலை தின்றது. கொம்பையா மூச்சுவிடாமல் நின்றான். பூலையா துப்பாக்கியை வாங்கி, நுனியை எலியின் முதுகில் படும்படி வைத்தான்.

“இப்ப எத்தனை பம்ப்லே?” என்றான்.

மாசானம் யோசித்தான். “தூரம் குறைஞ்சா காத்தையும் குறைக்கச் சொன்னாரு. இங்க தூரமே இல்லையே.”

“அப்ப காத்தே வேண்டாம்” என்றான் பூலையா.

“வேண்டாம்.”

பூலையா விசையை இழுத்தான். டொக்கென்று ஒரு சத்தம். குண்டு குழாயிலிருந்து உருண்டு வந்து எலியின் முன்னால் விழுந்தது. எலி அதை முகர்ந்து பார்த்தது. பிறகு வாயில் கவ்விக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே போய்விட்டது.

மூன்று பேருக்கும் முகம் வெளுத்தது. வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள்.

“இப்ப அதுகிட்ட குண்டு இருக்கு” என்றான் கொம்பையா.

“துப்பாக்கி நம்மகிட்டல்லா இருக்கு” என்றான் பூலையா.

“ரெண்டும் தனித்தனியாக் கிடந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்றான் மாசானம்.

இருட்டும் வரை பேசினார்கள். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், வெள்ளையம்மா ஊராட்களைக் கூட்டிக்கொண்டு விதை எடுக்க வந்தாள். கிட்டங்கி பூட்டியிருந்தது. காவல்காரர்கள் மூவரும் எதிரே வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள்.

“துப்பாக்கி எங்கலே?”

“உள்ளதான் இருக்கு, மதினி.”

“எலி?”

“அதுவும் உள்ளதான்.” மாசானம் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னான். “சத்தம் போடாதீங்க. குண்டு வெச்சிருக்கவன்கிட்டயே துப்பாக்கியையும் குடுத்து, காவலுக்கு வெச்சிட்டோம். கிட்டங்கியை விட்டு அங்க இங்க நகர மாட்டேங்கான். சம்பளமும் கேக்கல.”

வெள்ளையம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இன்னும் திருப்தியில்லை போலிருக்கிறது என்று நினைத்த கொம்பையா, படுத்தபடியே சொன்னான்: “சாப்பாட்டுச் செலவும் நமக்கு இல்ல, மதினி. அவனே உள்ளுக்குள்ள பாத்துக்கிடுதான்.”