நடுத்துண்டு

“அம்மா, செத்தவங்களுக்குப் பசி அடங்குமா?”

இசாமு கேட்டார். பௌத்தக் கோயிலின் அறுபத்திரண்டு படிகளை ஏறி வந்ததில் மூச்சு இரைத்தது. வழியில் மூன்று இடத்தில் பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

பிக்குணி ஷுன்கோ முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பத்தாறு வயது. இசாமுவுக்கு எண்பத்திரண்டு. ஆனாலும் அந்த மீனவ ஊரில் இசாமு குரு என்று கும்பிட்டது ஷுன்கோ ஒருவரைத்தான்.

“யாருக்குப் பசி?”

“கினுயேவுக்கு.”

கினுயே அவர் மனைவி. இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

ஷுன்கோ கத்தியைக் கீழே வைத்தார். “சொல்லுங்க, ஐயா.”

இசாமு சொன்னார்.

நாற்பது வருடம் கணவாய் மீன் பிடிக்கும் படகில் போனவர் அவர். ஐம்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை. சாப்பாடு முன்னால் வரும். சாப்பிடுவார். எழுந்துவிடுவார். கினுயே எப்போது சாப்பிட்டாள், எதைச் சாப்பிட்டாள் என்று அவர் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில்தான் அது தெரிந்தது. கினுயேவுக்கு வயிற்றில் புற்று. எதுவும் உள்ளே இறங்கவில்லை.

“இவங்களுக்கு என்ன பிடிக்கும்? அதையாவது கொடுத்துப் பார்க்கலாம்,” என்று நர்ஸ் கேட்டாள்.

இசாமு திருதிருவென்று விழித்தார். படுக்கையில் இருந்த கினுயேதான் பதில் சொன்னாள்.

“மீன் வால்.”

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். “நடுத்துண்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் இசாமு ஒரு கானாங்கெளுத்தி மீன் வாங்கி வந்தார். சுட்டதில் பாதி கருகிப்போனது. கருகாத நடுத்துண்டை எடுத்து, வீட்டு வழிபாட்டு மாடத்தில் அவள் படத்தின் முன்னால் வைத்தார். அந்தப் படம் ஏதோ அடையாள அட்டைக்காக எடுத்தது. நோய் கண்ட வருடம். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருக்கும்.

அவர் சுடுதண்ணீர் ஊற்றிய சோற்றையும் ஊறுகாயையும் சாப்பிட்டார்.

ஒரு மாதத்தில் மீனைக் கருகாமல் சுட வந்தது. பிறகு முட்டை. சோயாப் பாலில் செய்த டோஃபு. எள் போட்ட கீரை. எல்லாம் அவளுக்கு.

ஒருநாள் மதியம் அவளுக்கு வைத்த கிண்ணத்தில் சோறு ஒரு பக்கம் குழிந்திருந்தது.

எலி என்று நினைத்தார். ஆனால் சாப்பாட்டுக் குச்சிகளின் நுனி ஈரமாக இருந்தது.

ஒரு வாரத்தில் பாதிக் கிண்ணம் காலியானது. பிறகு முழுக் கிண்ணம்.

“பயப்படலையா?” ஷுன்கோ கேட்டார்.

“சந்தோஷப்பட்டேன்.”

இசாமு இன்னும் கூடுதலாகச் சமைத்தார். படத்தில் கினுயேவின் கன்னம் மெல்ல மெல்ல நிரம்பியது. கழுத்தில் ஒரு மடிப்பு விழுந்தது. கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு பூசினாற்போல் இருந்ததில்லை.

இலையுதிர் காலத்தில் இசாமு மீன் சந்தையில் மயங்கி விழுந்தார். டவுன் டாக்டர் அவர் தொடையைப் பிடித்துப் பார்த்தார். கையில் தோல்தான் வந்தது.

“என்ன சாப்பிடுறீங்க?”

“சோறும் ஊறுகாயும்.”

“இந்த வயசுல அது போதாது, ஐயா. மீன், முட்டை, சோயா இதெல்லாம் தினமும் உள்ள போகணும். இல்லேன்னா சதை கரைஞ்சு எழுந்து நிக்க முடியாமப் போயிடும்,” என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

இசாமு அந்தத் தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டினார். அதில் இருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சமைத்தார். கினுயேவுக்கு.

“சரி. இப்ப என்ன வந்துச்சு?” ஷுன்கோ கேட்டார்.

இசாமு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

“நேத்து என் கிண்ணத்தை வெச்சிட்டு ஊறுகாய் எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தா அதுவும் காலி.”

கூரையிலிருந்து பனி சரிந்து முற்றத்தில் விழுந்தது.

“அவளுக்குப் போதலைம்மா. இன்னும் நான் என்னத்தைக் கொடுக்கணும்?”

ஷுன்கோ முள்ளங்கியை ஈரத்துணியால் மூடினார். “வாங்க, வீட்டுக்குப் போவோம்,” என்றார்.

*

மதியம் ஆகிவிட்டது. இசாமு சமைத்தார். நிற்க முடியாமல் இடுப்பை அலமாரியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு சமைத்தார். ஷுன்கோ கை கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டை மாடத்தின் முன் வைத்து இசாமு காகிதக் கதவை இழுத்து மூடினார். இருவரும் இந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு கேட்டது. குச்சி கிண்ணத்தில் தட்டும் சத்தம். அப்புறம் மெல்லும் சத்தம். நிதானமாக, ஆசை ஆசையாக, வாய் நிறைய.

இசாமு ஷுன்கோவின் முகத்தைப் பார்த்தார். ஷுன்கோவுக்கும் கேட்டது.

சத்தம் நின்றதும் ஷுன்கோ எழுந்து கதவைத் திறந்தார். மீன் முள் மட்டும் தட்டில் சுத்தமாகக் கிடந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் கினுயே உருண்டையான முகத்தோடு இருந்தாள். அவள் உதடுகளில் எண்ணெய் மினுமினுத்தது.

“நல்லா இருக்காங்க,” என்றார் ஷுன்கோ.

பிறகு மாடத்தில் இருந்த ஊதுபத்திக் கிண்ணத்தையும் மணியையும் எடுத்தார். இசாமுவின் எதிரில் கொண்டுவந்து வைத்தார். மண்டியிட்டு உட்கார்ந்து அவருக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தினார். மணியைத் தட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொல்லத் தொடங்கினார்.

இசாமுவுக்கு முதலில் புரியவில்லை. அவரும் கைகூப்பினார். மந்திரத்தின் நடுவில் ஒரு பெயர் வந்தது.

“…மறைந்த இசாமு அமைதி அடையட்டும்…”



“அம்மா!”

ஷுன்கோ நிறுத்தவில்லை.

“அம்மா, நான் உயிரோட இருக்கேன்!”

ஷுன்கோ கண்ணைத் திறந்தார். இசாமுவைப் பார்த்தார். கதவுக்கு அப்பால் கினுயேவின் படத்தைப் பார்த்தார். மறுபடி இசாமுவைப் பார்த்தார்.

“மன்னிச்சுக்குங்க, ஐயா,” என்றார். “இந்த வீட்டுல சாப்பிடுறவங்க ஒருத்தர்தான். ஆள் மாறிப்போச்சு.”

குனிந்து வணங்கிவிட்டுக் கிளம்பிப் போனார்.

ஊதுபத்தி அணையும்வரை இசாமு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

*

மறுநாள் அவர் ஒரே ஒரு மீன்தான் சுட்டார்.

மாடத்துக்கு எதிரில் இரண்டு பேருக்குச் சாப்பாடு வைத்தார். நடுத்துண்டைக் குச்சியால் இரண்டாகப் பிளந்தார். ஒன்று அவளுக்கு. ஒன்று தனக்கு. கதவை மூடவில்லை.

கினுயே சட்டத்துக்குள்ளிருந்து அவரையே பார்த்தாள். இசாமு தட்டைக் கையில் எடுத்தபோது அவர் பங்கை எதிர்ப்பக்கமிருந்து யாரோ இழுப்பதுபோல் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நானும் சாப்பிடுறேன், கினுயே,” என்றார். “உன்கூட உட்கார்ந்து சாப்பிடுறேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லையே.”

தட்டு நேரானது.

முதல் வாய் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினார். மென்று பழக்கமில்லாமல் தாடை வலித்தது. அவர் மெல்லும்போது எதிரிலும் யாரோ மெல்லும் சத்தம் கேட்டது. அவர் நிறுத்தினால் அதுவும் நின்றது. அவர் தொடர்ந்தால் அதுவும் தொடர்ந்தது.

இரண்டாவது கவளத்தில் அந்தச் சத்தம் குறைந்தது. பிறகு இன்னும் குறைந்தது.

கிண்ணம் காலியாகும்போது அந்த அறையில் ஒரே ஒருவர் மெல்லும் சத்தம்தான் இருந்தது.

இசாமு நிமிர்ந்து பார்த்தார்.

கினுயேவின் சோறு வைத்தபடியே இருந்தது. அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. படத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

அவர் கையை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டார். வெறும் கண்ணாடி.

வெளியே படகு ஒன்று மோட்டாரை முடுக்கிக்கொண்டு கிளம்பியது. இசாமு வெகுநேரம் அழுதார். பிறகு அவளுடைய பங்கையும் எடுத்து, ஆறிப்போயிருந்தாலும், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

*

பத்து நாள் கழித்துக் கோயிலுக்கு வந்தார். வழியில் ஓர் இடத்தில்தான் உட்கார்ந்தார்.

ஷுன்கோ முற்றத்துப் பனியை அள்ளிக்கொண்டிருந்தார்.

“அவ இப்ப சாப்பிடுறதில்லைம்மா,” என்றார் இசாமு.

“ம்.”

“ஒரேயடியாப் போயிட்டா.”

ஷுன்கோ மண்வாரியை நட்டுவைத்தார்.

“மீன் எப்படி இருந்துச்சு, ஐயா?”

இசாமு வாயைத் திறந்தார். சொல்ல வந்தது வேறு ஏதோ. சட்டென்று நின்றுவிட்டார்.

“உப்பு தூக்கல்,” என்றார். “ரொம்பவே தூக்கல். பதினாலு மாசமா அதைத்தான் போட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லலியே அவ.”