ஆள்காட்டிக் குருவிக்குக் கொடுத்த தூக்க மருந்து

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஏரிக்கரையில் ஆள்காட்டிக் குருவி ஒருத்தி இருந்தாள். இப்போது நாம் பார்க்கிற கோலம் அப்போது இல்லை. முதுகு மண் நிறம், வயிறு வெள்ளை, அவ்வளவுதான். குரலும் பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும்.

ராத்திரிக் காவல் அவளுடையது. யார் நியமித்தார்கள்? ஒருவரும் இல்லை. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டுகிறவள் அல்ல. வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவில் முட்டையிடுகிறவள். அந்தப் பயத்தில் முதல் நாள் ராத்திரி கொஞ்சம் விழித்திருந்தாள். "நீதான் எப்படியும் முழிச்சிருக்கியே, எங்களையும் ஒரு கண் பார்த்துக்கோ" என்றது மயில். மறுநாள் முயலும் அதையே சொன்னது. மூன்றாம் நாள் யாரும் எதுவும் சொல்லவே இல்லை. அது அவள் வேலை ஆகிவிட்டது! கூட்டம் போட்டு முடிவெடுத்திருந்தாலாவது எழுந்து நின்று நாலு கேள்வி கேட்டிருக்கலாம். போடாத கூட்டத்தில் எப்படி எதிர்ப்பது?

நரி வந்தால் அவள் சத்தம் போட மாட்டாள். ஒவ்வொருவரிடமும் ஓடி, அலகால் மெல்லத் தொட்டு, "கொஞ்சம் எழுந்திரிங்க, நரி வருது" என்பாள். அதற்கே, "இன்னும் கொஞ்சம் மெதுவா எழுப்பக் கூடாதா?" என்று மயில் சலித்துக்கொள்ளும்.

இருபது நாள் இப்படிப் போனது. இருபத்தோராம் நாள் காலையில் அவள் நான்கு உருண்டைக் கற்களின் மேல் வெகு அக்கறையாக உட்கார்ந்து அடைகாத்துக்கொண்டிருந்தாள். முட்டைகள் நான்கும் மூன்றடி தள்ளி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"அக்கா, நீ கல்லைப் பொரிக்கப் போறியா?" என்று முயல் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தாள். ஓடிப்போய் முட்டைகளின் மேல் உட்கார்ந்தாள். இன்னொரு முறை இப்படி ஆனால் முட்டை வெந்துவிடும். அன்றே எல்லோரையும் கூப்பிட்டாள்.

"எனக்குத் தூங்கணும்."

கொக்குக்கு ஒரே சந்தோஷம். ஏரிக்கு அவர்தான் வைத்தியர். "தலைச்சூடும்மா! பித்தம் உச்சிக்கு ஏறிடுச்சு. கண்ணைப் பார்த்தாலே தெரியுதே."

"பித்தமும் இல்லை, ஒண்ணும் இல்லை, வைத்தியரே. நான் ராத்திரி முழுக்க முழிச்சிருக்கேன், அதான் தூங்கலை. ஒரே ஒரு ராத்திரி வேற யாராவது காவல் பாருங்க."

முயல் காதைச் சொறிந்தது. மயில் தன் தோகையில் இல்லாத தூசியைத் தேடியது.

"காவலுக்குப் பழக்கம் வேணும்மா. அது உனக்குத்தான் இருக்கு" என்றார் கொக்கு. "நாம மருந்துக்கு வருவோம்."

மருந்துக்குத் தட்டுப்பாடே இல்லை. கொக்கு ஒரு சட்டிக் கரிசலாங்கண்ணித் தைலத்தை அவள் உச்சியில் கவிழ்த்தார். அது தலை, கழுத்து, மார்பு எல்லாம் வழிந்து கன்னங்கரேல் என்று ஊறிவிட்டது. மயில், "உள்ளங்கால் குளிர்ந்தா தூக்கம் தானா வரும்" என்று விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து, உள்ளங்காலோடு நிற்காமல் முழங்கால்வரை பூசிவிட்டது. முயல் சின்ன வெங்காயத்தோடு வந்தது.

"இதைத் தின்னணுமா, கண்ணில் விடணுமான்னு மறந்துபோச்சுக்கா. எதுக்கும் ரெண்டையும் செஞ்சுடுவோம்."

செய்தது. கண்ணோரம் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்து வீங்கின.

கடைசியாக எருமை அத்தை சேற்றிலிருந்து எழுந்து வந்தாள். "நான் காவல் பார்ப்பேன்டி. ஆனா உட்கார்ந்தா தூங்கிடுவேன், உனக்கே தெரியும்" என்று உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான். சுண்டக் காய்ச்சிய தன் பாலில் கசகசாவை அரைத்துக் கலந்து, ஜாதிக்காயை ஒரு சிட்டிகை உரைத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனாள். பிறகு கொக்கு வந்து ஒரு சிட்டிகை போட்டார். மயில் ஒரு சிட்டிகை. முயல் ஒரு சிட்டிகை. போட்டாயிற்றா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

"நான் தூங்கிட்டா யார் பார்க்கிறது?" என்று கடைசி முறையாகக் கேட்டாள் ஆள்காட்டி.

"முதல்ல குடிம்மா. அதை அப்புறம் பேசிக்கலாம்."

அவள் முட்டைகளைப் பார்த்தாள். கற்களைப் பார்த்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முட்டைகளின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

வயிற்றுக்கு அடியில் ஏதோ குறுகுறுத்தபோதுதான் விழித்தாள். நன்றாக விடிந்திருந்தது. ராத்திரி முழுக்க ஒரு நொடிகூட எழுந்து ஓடாமல் அவள் கொடுத்த சூட்டில் நான்கு முட்டையும் பொரிந்து, நான்கு குஞ்சுகளும் வெளியே ஓடத் தயாராக முட்டிக்கொண்டிருந்தன. அசையாமல் கிடந்தவளைக் கல் என்று நினைத்து நரி தாண்டிப் போயிருந்தது.

மற்றவர்களைத் தாண்டவில்லை. மயிலுக்குப் பாதித் தோகை இல்லை. முயலின் வால் ஒரு குஞ்சமாகச் சுருங்கியிருந்தது. கொக்கு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி வந்தார். எருமை அத்தை இன்னும் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"எப்படிம்மா நீ தூங்கலாம்?" என்று கத்தினார் கொக்கு.

"நீங்கதானே தூங்கச் சொன்னீங்க?"

"தூங்கச் சொன்னோம். இப்படியா தூங்கச் சொன்னோம்? காவலுக்குத் தெம்பு வரட்டும்னுதானே மருந்தே கொடுத்தோம்!"

ஆள்காட்டி குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டாள். "சரி. இன்னிக்கு யார் முறை?"

மறுபடியும் மயில் தூசி தேடியது, பாதித் தோகையில்.

"நல்லது. நானே பார்க்கிறேன். ஆனா இனிமே ஒவ்வொருத்தர் கிட்டயும் வந்து காதைத் தொட்டு எழுப்ப மாட்டேன்."

அன்று பொழுது சாய்ந்து எல்லோரும் படுத்ததும், கரையில் ஒரு நண்டு நகர்ந்தது. ஆள்காட்டி விருட்டென்று மேலே எழும்பி, ஏரியே அதிரும்படி கத்தினாள். எல்லோரும் அலறியடித்து எழுந்தார்கள்.

"நரியா?"

"தெரியலையே. நீங்களும் வந்து பாருங்க."

கொஞ்ச நேரத்தில் ஒரு சருகு விழுந்தது. அதற்கும் கத்தினாள்.

நான்காம் நாள் காலையில் கொக்கு, கண்கள் சொருக, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அவளிடம் வந்தார். "ஏம்மா, அந்தக் கசகசா கொஞ்சம் மிச்சம் இருக்கா?"

"இருக்கு வைத்தியரே. தலைக்குத் தைலமும் தேய்ச்சுக்கோங்க. பித்தமா இருக்கும்."

அன்று முதல்தான் ஆள்காட்டிக்குத் தலை கறுப்பு, கால் மஞ்சள், கண்ணோரம் சிவப்பு. அன்று முதல்தான் நரி வந்தாலும், நண்டு நகர்ந்தாலும், நாம் சும்மா கரையோரம் நடந்துபோனாலும்கூட, தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துகிறாள்: அடுத்த முறை யாருடையது என்று. இன்றுவரை ஒருவரும் எழுந்து வரவில்லை.