சேற்றில் பூட்டாத பெடல்

“இந்தப் பெடல் என் காலைப் பிடிக்கவே மாட்டேங்குது, டீச்சர்!”

போஜன் மிதிவண்டியைத் தேயிலைச் செடிகளின் மீது எறிந்தார்.

கோத்தகிரிச் சரிவில் மூன்று நாள் மழை. மறுநாள் மலைப்பாதை மிதிவண்டிப் பந்தயம். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தோருக்கு அதில் இடமில்லை. போஜனுக்கு அன்று வயது ஐம்பத்தைந்து. முன்னர் இருமுறை கலந்துகொண்டு, இருமுறையும் நேரம் கடந்து வந்து சேர்ந்தவர். இதுவே இறுதி வாய்ப்பு.

பயிற்சியாளர் ரெஜினாவுக்கு வயது முப்பது.

“காஞ்ச பாதையில?”

“டக்குன்னு பூட்டுது. சேத்துல மட்டும்தான் சதி. இது மூணாவது ஜோடி பெடல்!”

“மிதிங்க.”

மிதித்தார். காலணியின் அடியிலிருந்த இரும்புக் கொக்கி பெடலில் பூட்டாமல் வழுக்கியது.

“இன்னும் பலமா.”

மிதித்தார். கணுக்கால் சிராய்த்தது.

“இன்னும்.”

“நான் என்ன நெல்லா குத்துறேன்?”

ரெஜினா குந்தி அமர்ந்தார். லாடம் அடிப்பவரைப் போல அவருடைய காலைத் தூக்கிப் பிடித்தார். கொக்கியைச் சுற்றிச் சேறு செங்கல்லாய் இறுகியிருந்தது. ஒரு குச்சியால் அதனைப் பெயர்த்தெடுத்து போஜனின் உள்ளங்கையில் வைத்தார்.

“இது பெடல்லயா இருந்துச்சு?”

“இல்ல. என் ஷூவுல.”

“எப்படி வந்துச்சு?”

“சேறு வந்த இடத்துல எல்லாம் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கிட்டு நடந்தேன்.”

“எத்தனை இடம்?”

“பதினொண்ணு.”

“நடக்கப் பழகவா அண்ணா எங்கிட்ட வந்தீங்க?”

போஜனின் முகம் சிவந்தது.

“உங்க பெடலும் இதே பெடல். நீங்களும் இதே சேத்துல வந்தீங்க. உங்களுக்கு மட்டும் எப்படிப் பூட்டுச்சு?”

“நான் பெடல்லேர்ந்து காலைக் கழட்டவே இல்லையே.”



“காலைப் பூட்டிக்கிட்டே சேத்துக்குள்ள போறதா?” என்று கத்தினார் போஜன். “வண்டி சாய்ஞ்சா காலை எடுக்க நேரம் இருக்காதே! வண்டியோட விழுவேனே!”

“விழுவீங்க.”

“விழுந்தா?”

ரெஜினா எழுந்தார். தமது வண்டியில் ஏறினார். இரு பாதங்களையும் பூட்டினார். பாதை குழைந்து கிடந்த இடம்வரை மெல்ல மிதித்துச் சென்று, அங்கே மிதிப்பதை நிறுத்தினார்.

வண்டி நின்றது. பிறகு சாய்ந்தது. தொப்பென்று விழுந்தது.

பாதங்கள் பூட்டியபடியே இருக்க, சேற்றில் பக்கவாட்டில் கிடந்தவாறு அவர் தலையை உயர்த்தினார்.

“மெத்துன்னுதான் இருக்கு. வாங்க.”