பவளக்கரைப் பீரங்கிகள்

பவளக்கரை ராஜா மகுடேசருக்குத் திடீரென்று வீரம் வந்துவிட்டது. காரணம், கரைதட்டி உடைந்த ஒரு பறங்கிக் கப்பல். அதிலிருந்த பழைய பீரங்கிகளைத் தளபதி ரணபாகு கழற்றி வந்து, கடலைப் பார்த்த கோட்டைச் சுவரில் வரிசையாக வைத்தார். சும்மா வைக்கவில்லை. ஆடாமல் அசையாமல் இருக்கட்டும் என்று, வெல்லமும் கடுக்காயும் சேர்த்த சுண்ணாம்புக் காரையால் கழுத்துவரை பூசிவிட்டார். அப்புறம் சந்தனம், மாலை, எலுமிச்சம்பழம்.

அதைப் பார்த்ததும் அரசவை விகடர் நல்லபெருமாளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"எதற்குச் சிரிக்கிறீர்?" என்றார் ராஜா.

"நமக்கு வாய்க்கிற எதிரி ரொம்ப நல்லவனாக இருக்க வேண்டுமே என்று நினைத்தேன், மகாராஜா."

தளபதிக்கு மீசை துடித்தது. இந்த வாயை அடைக்க இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? "பீரங்கியைப் பழித்தவரையே ஓடத்தில் ஏற்றிக் கடலில் நிறுத்துங்கள், மகாராஜா. முதல் வெடி அவருக்கு!"

"பலே!" என்றார் ராஜா. அவருக்கு வேடிக்கை என்றால் போதும். "பிழைத்து வந்தால், விகடரே, கேட்டது கிடைக்கும்."

நல்லபெருமாள் தளபதியிடம் கைகட்டிக் கேட்டார்: "கடலில் எந்த இடத்தில் நிற்கட்டும்?"

"எங்கே வேண்டுமானாலும் நில்லும்! என் பீரங்கிக்குத் தப்பிய இடம் ஏது?"

நல்லபெருமாளுக்கு உயிர் வந்தது. ஓடத்தை நேரே விடாமல், தெற்கே நன்றாகத் தள்ளி நிறுத்தினார். வெற்றிலை போட்டுக்கொண்டார்.

"சுடு!"

குண்டுகளெல்லாம் நேர் கிழக்கே போய் விழுந்தன.

"தெற்கே திருப்புங்களடா!" என்று கத்தினார் தளபதி. வீரர்கள் தள்ளினார்கள், இழுத்தார்கள், குழாயைப் பிடித்துத் தொங்கினார்கள். கடுக்காய்க் காரை அசையுமா? மறுபடி சுட்டார்கள். அதே இடம், அதே தண்ணீர். கடைசியில் வெடிமருந்து தீர்ந்தது.

நல்லபெருமாள், குண்டு விழுந்த இடத்தில் செத்து மிதந்த மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு கரையேறினார்.

"தளபதியாரே, கப்பல் திரும்பினால் பீரங்கியும் கூடவே திரும்பும். உம்முடைய கோட்டை திரும்புமா?"

ராஜாவின் முகம் தொங்கிப்போயிற்று. "நிஜமாகவே எதிரி வந்தால் என்னய்யா செய்வது?"

"காரையை உடைத்துச் சக்கரம் பூட்டுங்கள், மகாராஜா. நான் கேட்கும் பரிசு அதுதான். அதற்குள் எதிரி வந்துவிட்டால்..." நல்லபெருமாள் மீன் கூடையைத் தளபதியின் கையில் கொடுத்தார். "இவரைத் தூது அனுப்புங்கள். 'ஐயா, மீன் செத்த இடம் அதோ. தயவுசெய்து அங்கே வந்து நில்லுங்கள்' என்று கேட்டுக்கொள்ளட்டும்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பீரங்கியின் மாலையைக் கழற்றி நல்லபெருமாள் கழுத்தில் போட்டார். சாயங்காலமே காரை உடைக்கும் சத்தம் கேட்டது. உளி பிடித்தவர் தளபதி ரணபாகு.