பதினேழாவது கேள்வி

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு நாற்பத்தொன்று. தாலுகா ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் கையெழுத்துப் போட்டுவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பேரிடர் ஆய்வில் முனைவர் பட்டம் வாங்க வந்தவர் கலியமூர்த்தி. அவருக்கு வாய்த்த நெறியாளர் பேராசிரியர் மங்கையர்க்கரசி. அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "அம்மா" என்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் யாருக்கு யார் குரு என்று குழம்பிப்போவார்கள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஊர் உப்புமேடு. எல்லாம் உப்பளத்துக் கூலிக் குடும்பங்கள். ஊர்க்கோடியில் தூண்கள் மேல் நிற்கிறது புயல் காப்பகம். போன வருஷப் புயலுக்கு ஆண்கள் அத்தனை பேரும் மாடியேறிவிட்டார்கள். பெண்களில் பாதிப் பேர் வரவில்லை. சுவர் இடிந்து நல்லம்மாள் என்பவள் செத்துப்போனாள். எச்சரிக்கை காதில் விழுந்தும் இந்தப் பெண்கள் ஏன் கிளம்புவதில்லை? மூன்று வருஷமாகக் கலியமூர்த்தி அதைத்தான் படிவம் படிவமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இன்றைக்கு மறுபடி எச்சரிக்கை. துறைமுகத்தில் கூண்டு ஏற்றியாகிவிட்டது. நாளை விடியலில் கரையைக் கடக்குமாம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு காலையிலிருந்து ஏழு சுற்று வந்தார். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

"வர்றோம் சார், நீங்க போங்க" என்றார்கள் பெண்கள், வாசலுக்கு வாசல். வந்து சேர்ந்தது ஆண்களும் ஆடுகளும்தான்.

நடுப்பகலில் காப்பகத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் குரு உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸில் வந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார்.

"அத்தியாயத்தைப் படிச்சீங்களாம்மா?"

"பஸ்ல படிச்சேன். அந்தப் பதினேழாவது கேள்வியைச் சொல்லுங்க."

"'எச்சரிக்கை கேட்டவுடன் முதலில் என்ன செய்வீர்கள்?' அறுபத்தோரு பொம்பளைங்க, ஒரே பதில். 'தண்ணி குடிக்கிறத நிறுத்திடுவோம்.'"

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"விரதம்மா. கடலோட கோபம் தணியறதுக்கு. நாலாவது அத்தியாயம், சடங்குகளும் நம்பிக்கைகளும்." அத்தனை களைப்பிலும் குரலில் ஒரு மிடுக்கு. வேறு யாரும் கண்டுபிடிக்காத விரதம் அல்லவா.

"ஏன்னு கேட்டீங்களா?"

"படிவத்துல அந்தக் கேள்வி இல்லைம்மா."

"உங்க பரிந்துரை?"

"ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கூட்டணும்."

குரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"அதெல்லாம் கிடக்கட்டும்மா. பொழுது சாயறதுக்குள்ள அவங்களை எப்படி மாடியேத்தறது? அதைச் சொல்லுங்க."

குரு டீக்கடைக்காரரிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி நீட்டினார். "குடிங்க சார்."

குடித்தார்.

"இன்னொண்ணு."

"தாகமில்லைம்மா."

"குடிங்க."

மூன்றாவது சொம்பும், மேலே ஒரு டீயும் ஆயிற்று.

"இப்ப மாடிக்குப் போய்ப் படிவங்களை முதல்லேர்ந்து படிங்க. நான் கூப்பிடற வரைக்கும் கீழ இறங்கக் கூடாது."

"புயல் வருதும்மா."

"தெரியும் சார்."

உத்தரவுக்குப் பழகிய உடம்பு. ஏறிப்போனார்.

மேலே ஒரே கூடம். ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் ஆடுகள். முதல் ஒரு மணி நேரம் பழுதில்லை. அப்புறம் கலியமூர்த்தி கால் மேல் கால் போட்டுக்கொண்டார். அப்புறம் எழுந்து நடந்தார். மூலையில் ஒரு கதவு, நீல எழுத்தில் 'கழிவறை'. அதில் ஒரு பூட்டு.

"சாவி எங்கப்பா?"

"பஞ்சாயத்து கிளார்க்குகிட்ட சார்" என்றான் சீட்டுப் பிடித்திருந்த வைத்தி. "உள்ள பிளீச்சிங் பவுடர் மூட்டை. கட்டின நாள்லேர்ந்து அது குடோன்தான்."

"அப்ப நீங்கல்லாம்?"

"கீழ கருவைக்காட்டு ஓரம். வெள்ளம் ஏறிட்டா இந்தக் கைப்பிடிச் சுவரோரம் நின்னு கடலைப் பாத்து. போன தடவை ரெண்டு நாள் அப்படித்தான் ஓட்டினோம். ஆம்பளைக்கென்ன சார்."

கூட்டம் சிரித்தது. கலியமூர்த்தி சிரிக்கவில்லை. போய் உட்கார்ந்து படிவங்களைப் புரட்டினார். முதல் வருஷத்துக் கட்டில் நல்லம்மாளின் படிவம் இருந்தது. பதினேழாவது கேள்விக்கு நேரே அதே பதில். எழுதியிருந்தது அவருடைய கையெழுத்துதான்.

குரு கூப்பிடவில்லை. இவரே இறங்கினார். நேரே கருவைக்காட்டுக்குப் போய்விட்டுத்தான் டீக்கடைக்கு வந்தார்.

குரு போனில் இருந்தார். வைத்துவிட்டுச் சொன்னார்: "நாலாவது தடவையா பேசறேன். சாவிக்கு அனுமதிக் கடிதம் வேணுமாம் அந்தக் கிளார்க்குக்கு. திங்கக்கிழமை வரச் சொல்றார்."

இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பூட்டுக்கு அரக்கு முத்திரை வைத்தவர் கலியமூர்த்தி. டீக்கடைக்காரர் விறகு பிளக்கும் கோடாலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாடியேறினார். மூன்று அடியில் பூட்டு விழுந்தது. வைத்தியும் மற்றவர்களும் மூட்டைகளைக் கூடத்துக்கு மாற்றினார்கள். டிரம்மில் தண்ணீர் ரொப்பினார்கள்.

எட்டாவது சுற்றில் புயலைப் பற்றி அவர் பேசவேயில்லை. கம்மிய குரலில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "கக்கூஸைத் திறந்தாச்சும்மா. கதவு இருக்கு, தண்ணி இருக்கு."

"இதைச் சொல்லவா சார் மூணு வருஷம்?" என்றாள் வள்ளிமயில், உப்பு வாருகிறவள். வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவள்தான் முதலில் வந்தாள். நேரே மூலைக்குப் போனாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். வெளியே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துச் சொன்னாள்: "தாப்பா விழுவுதுடி. வாங்க."

பிறகு டிரம்மில் ஒரு சொம்பு மொண்டு, விடியலிலிருந்து காய்ந்த தொண்டையில் அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் பெண்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். காற்று எழும்பியது. கடைசிப் படியில் குருவும் சீடரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"காலையிலேயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

குரு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அவங்க சொன்னதைச் சடங்குன்னு எழுதினீங்க. நான் சொல்லியிருந்தா மேற்கோள்னு எழுதியிருப்பீங்க சார்."